துண்டும் கடனட்டையும்

சென்ற தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்த என் தமையனார், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எங்கள் அப்பாயியின் கையிலே கொடுத்தார். அவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையிலே கணக்கெழுதுகிறவர். அட்டை வழவழப்பாக, அவர் பெயரைத் தாங்கி, பார்வைக்கு அழகாக இருந்தது. அப்பாயி அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த ஆபீசுத் துண்டு அய்யா இது?" என்று கேட்டார்.

வீட்டிலிருந்தோர் எல்லோரும் சிரித்தோம். தோட்டத்திலே துண்டு என்றால் மருந்துக்குக் கொடுக்கும் சீட்டு, துரை ஆபீசிலிருந்து வரும் காகிதம், இவைதாமே! ஆனால் விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய பின், நூலகத்திலே மலையகத் தொழிலாளர் சரித்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அப்பாயியின் கேள்வி சிரிக்கத்தக்கதன்று என்பது எனக்கு விளங்கிற்று. நூறாண்டுகளுக்கு முன் இந்த மலைகளிலே துண்டு என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. அப்பாயியின் பாட்டனார் அந்தத் துண்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர். அந்தப் பழைய துண்டையும் இந்தப் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரியோர்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்வார்களாக.

நம்மவர் இலங்கைக்கு வந்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணி ஆள் கட்டினான்; மழை பொய்த்த ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்; வழியிலே பலர் மாண்டார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் அந்தப் பயணத்தின் கணக்கை நாம் அதிகமாகப் பேசுவதில்லை. கங்காணி ஊரிலே கொடுத்த முற்பணம், வழிச்சோறு, கப்பற்கூலி, மலைக்குளிருக்கு வாங்கிய கம்பளி, வந்து சேர்ந்த நாளிலே அளந்த அரிசி, இத்தனையும் வந்தவன் பேரிலே பற்றாக எழுதப்பட்டன. தேயிலைச் செடியைக் கண்ணால் காணுமுன்னே அவன் கடன்காரனாகிவிட்டான்.

அந்தக் கடன் ஒரே கையிலிருந்து வந்ததுமன்று. கொழும்பிலே இருந்த ஏஜென்சிக் கம்பெனி தோட்டத்துக்குப் பணம் கொடுத்தது. தோட்டத்துத் துரை பெரிய கங்காணிக்குக் கொடுத்தான். பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிக்கும், சில்லறைக் கங்காணி ஆட்களுக்கும் கொடுத்தார்கள். மேலே கொடுத்த பணம் எவ்வளவு, கீழே வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைக் கடைசியில் நின்றவன் அறிந்திருக்க நியாயமில்லை. கணக்கு கங்காணியின் கையிலே இருந்தது. படிக்கத் தெரியாதவனுக்கு எழுதிய கணக்கு வாயால் சொல்லும் கணக்குத்தானே! இறந்தவன் கடனையும் ஓடிப்போனவன் கடனையும் உறவினர் தலையில் ஏற்றி வைக்கும் வழக்கமும் இருந்தது.

இனி வரவைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 33 சதமும் பெண்ணுக்கு 25 சதமும் கூலியாக இருந்தன. அதுவும் மாதா மாதம் கைக்கு வந்ததில்லை. கோப்பிக் காலத்திலே பல மாதக் கூலியைத் தோட்டங்கள் நிறுத்தி வைத்தன. இங்கே நான் வாசகர்களைச் சற்று நிற்கச் சொல்வேன். வேலையைச் செய்துவிட்டுக் கூலிக்காகப் பல மாதம் காத்திருப்பவன் யார்? அவன் முதலாளிக்குக் கடன் கொடுத்தவன் அல்லவா? வட்டியில்லாமல் தன் உழைப்பைத் தோட்டத்துக்குக் கடனாக விட்டுவிட்டு, அந்த இடைக்காலத்துச் சோற்றுக்காக அதே தோட்டத்தின் கங்காணியிடம் கடன் வாங்கினான். ஏட்டிலே எழுதப்பட்டது ஒரு பக்கக் கடன்தான். மறுபக்கத்தை எழுத ஒருவரும் இல்லை.

1869இல் இலங்கையில் காணப்பட்ட கோப்பி இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தபோது இந்த மறுபக்கக் கடன் வெளிச்சத்துக்கு வந்தது. துரைமார் கையை விரித்தார்கள். 1884இல் ஓரியண்டல் பாங்கும் முறிந்தது. நிலுவைக் கூலி பெறாமல் நின்றவர்கள் ஏராளம். அவ்வாண்டு இயற்றிய 16ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் கூலியே தோட்டச் சொத்தின்மேல் முதற்பொறுப்பு என்று வைத்தது. 1889இன் 13ஆம் இலக்கச் சட்டம், கூலியை மாதந்தோறும் கணக்கிட்டுக் குறித்த காலத்துக்குள் கொடுக்கவேண்டும் என்றது. சட்டத்தின் எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1865ஆம் ஆண்டுச் சட்டமும் கூடவே உயிரோடிருந்தது. முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்ப அதிலே வழியிருந்தது. கூலி தராத துரைக்கு வழக்கு. வேலையை விட்ட தொழிலாளிக்குச் சிறை! இந்த வேறுபாட்டைக் கவனித்தால் கடன் எப்படிச் சங்கிலியாயிற்று என்பது தெளியும்.

இந்தச் சங்கிலியின் கண்ணிதான் துண்டு. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். "இன்னின்ன ஆட்கள் இவ்வளவு ரூபா கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிப்பேன்" என்பதே அதன் பொருள். அச்சீட்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோறும் திரிவான். ஆள் பற்றாக்குறையுள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடன் தீர்ந்ததா? இல்லை; புதிய தோட்டத்தின் ஏட்டிலே அது புதிய பற்றாக ஏறிற்று. மேலும், புதிய துரையிடம் கங்காணி தனக்கெனக் கூடுதலாக ஒரு தொகை கேட்டு வாங்கினால், அதுவும் ஆட்களின் தலையிலேயே விடியக்கூடும். இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் துண்டின் தொகை ஏறிற்று. தேயிலையும் இறப்பரும் பெருகி ஆட்களுக்குப் போட்டி மிகுந்த காலத்திலே துண்டு ஒரு சரக்குப் போலக் கைமாறியது. கடன் முற்றும் தீர்ந்து முறைப்படி விலகியவனுக்கோ பற்றுச்சீட்டு என்ற விடுதலைச் சீட்டு கிடைத்தது. அது கையில் இல்லாதவனை வேறு தோட்டம் வேலைக்கு ஏற்பது சட்டப்படி குற்றமாயிருந்தது.

துண்டு காகிதத்தாலானது. தகரத்தாலான இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு தகர டிக்கெட் முறை ஏற்பட்டது. வட்டமான சிறு தகரத்திலே தோட்டத்துக்குரிய அடையாள எழுத்தும் இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும் பொறித்து, கயிற்றில் கோத்துக் கழுத்திலே மாட்டினார்கள். 1904இல் திருச்சிராப்பள்ளியில் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் அலுவலகமும் அமைந்தது. அந்தத் தகரத்தைக் காட்டினால் ரயிலில் ஏற்றுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள், முகாமிலே சோறு போடுவார்கள். வந்தவன் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. செலவுக் கணக்கு இலக்கத்தைப் பார்த்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். தோட்டம் கட்டும், கட்டியதைக் கடனேட்டில் ஏற்றும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடையாளத்தைக் காட்டு, சேவையைப் பெறு, பணம் பிறகு என்ற இம்முறை இன்றைய கடனட்டையின் முறையே அல்லவா? அமெரிக்கப் பெருங்கடைகள் தம் வாடிக்கையாளருக்குப் பெயரும் இலக்கமும் பொறித்த உலோகத் தகடுகளைக் கொடுத்து அதன்மேல் கடன் வியாபாரம் செய்தது 1930களுக்குப் பிறகே பரவலாயிற்று. அதற்கு ஒரு தலைமுறை முந்தியே நம் பாட்டன்மார் தகடணிந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கடல் கடந்தார்கள். வேறுபாடு ஒன்றுண்டு, சிறிய வேறுபாடுமன்று. அமெரிக்கப் பெண்மணி தகட்டைக் கைப்பையில் வைத்திருந்தாள். நம் பாட்டிக்கு அது கழுத்திலே தொங்கியது.

துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் பிரிவுகளும் அக்காலத்தையொட்டியே நீங்கின. இந்தியாவிலே 1922இல் குடியகல்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் இந்திய அரசின் ஏஜெண்டு கண்டியில் அமர்ந்தார். 1927இன் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயமாயிற்று. இக்காலத்திலே நம் மக்களுக்காக வாதாடிய கோ. நடேசய்யரை நம் சங்கத்தார் நன்கறிவர். அவர் தஞ்சையிலே 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். வணிகமும் கணக்கும் அறிந்தவர். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தொழிலாளர் தலைவராக வந்தவர் ஒரு கணக்கறிந்தவராயிருந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கோ அது பொருத்தமாகவே படுகிறது. மேடைதோறும் அவரோடு பாடி மக்களை எழுப்பிய மீனாட்சி அம்மையாரையும் இவ்விடத்திலே மறத்தல் ஆகாது.

துண்டு போயிற்று, கடன் போகவில்லை. அடகுக் கடை, ஐந்து வட்டிக்காரர், கடைக் கொப்பி என்று வேறு உருவங்கள் எடுத்தது. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லயத்திலும் அதைச் சொல்வார் இருக்கிறார்கள். நல்ல உருவமும் ஒன்றுண்டு. தீபாவளி முற்பணம் தோட்டத்திலே கொடுத்து, மாதா மாதம் செக்ரோலில் பிடித்துக்கொள்வார்கள். வட்டியில்லை. எவ்வளவு வாங்கினோம், எத்தனை மாதத்தில் முடியும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பிடிப்பு மிகுந்து சம்பள நாளிலே கை வெறுமையாகும் என்ற குறை வேறு. கணக்கிலே மறைவு இல்லை.

இனிக் கடனட்டைக்கு வருவோம். 'கடனட்டை' என்ற ஆங்கிலப் பெயர் 1888இல் எட்வர்ட் பெல்லமி எழுதிய ஒரு நாவலிலே வருகிறது. வருங்காலத்து அமெரிக்காவிலே பணமே இல்லாமல், நாட்டின் செல்வத்தில் தத்தம் பங்கை ஓர் அட்டையின்மூலம் எல்லோரும் பெறுவதாக அவர் கற்பனை செய்தார். பெயர் நிலைத்தது, கற்பனை நிலைக்கவில்லை. 1950இல் நியூயோர்க்கில் பிராங்க் மக்நமாரா என்பவரும் கூட்டாளிகளும் டைனர்ஸ் கிளப் அட்டையைத் தொடங்கினார்கள். அது உணவுச்சாலைகளிலே காட்டும் அட்டை. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். 1958இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே பேங்க் ஆப் அமெரிக்கா சுமார் 60,000 அட்டைகளை, கேட்டாருக்கும் கேளாதாருக்குமாக, தபாலில் அனுப்பிற்று. இதிலேதான் புதுமை. முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பகுதியைக் கட்டி மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். கேளாதார்க்கு அட்டை அனுப்புவதை 1970இல் அமெரிக்கச் சட்டம் தடுத்தது. 1976இல் அந்த அட்டையே விசா என்ற பெயரைப் பெற்றது.

கடையிலே அட்டையைக் கொடுத்ததும் நடப்பது என்ன? கடைக்காரரின் வங்கி, அட்டை நிறுவனத்தின் கம்பி வழியாக, நமக்கு அட்டை கொடுத்த வங்கியைக் கேட்கிறது. அது இசைந்தால் வியாபாரம் முடிந்தது. 1,000 ரூபாச் சாமானுக்குக் கடைக்காரர் கைக்கு 1,000 ரூபா முழுவதும் போவதில்லை. ஒரு சிறு கழிவை வங்கிகளும் அட்டை நிறுவனமும் பங்கிட்டுக்கொள்கின்றன. (கடைக்காரர் சிலர் அந்தக் கழிவை நம்மிடமே மேலதிகமாகக் கேட்பதுண்டு. அது அவர்கள் எழுதிக்கொடுத்த உடன்படிக்கைக்கு மாறானது.) மாதத்திலொரு நாள் கணக்கறிக்கை வரும். அதிலே கட்டவேண்டிய கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டியவனுக்கு ஒரு சத வட்டியும் இல்லை. வாங்கிய நாளைப் பொறுத்து ஐம்பது நாள்வரைகூட இனாமாகத் தவணை கிடைக்கும். இப்படிக் கட்டுகிறவனுக்கு அட்டை நல்ல வேலைக்காரன்.

ஆனால் அறிக்கையிலே இன்னொரு சிறு தொகையும் அச்சிட்டிருக்கும். குறைந்தபட்சக் கட்டணம் என்பது அதன் பெயர். என் தமையனார் கணக்கெழுதுகிறவர் என்று முன்னே சொன்னேன். அவரே அதைத் தவணைப் பணம் என்று நினைத்துவிட்டார். தீபாவளி முற்பணம் போல மாதா மாதம் அதைக் கட்டி வந்தால் கடன் சில மாதத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பினார். ஒரு கைத்தொலைபேசியும் வீட்டாருக்குப் புத்தாடையுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபா பற்று. விடுமுறையிலே இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். எளிமைக்காக வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24, அதாவது மாதத்துக்கு 2, என்று வைத்துக்கொண்டோம். குறைந்தபட்சக் கட்டணம் நிலுவையில் நூற்றுக்கு 5. முதல் மாதம் ஒரு லட்சம் வட்டியோடு 1,02,000 ஆகிறது. 5,100 ரூபா கட்டினால் நிற்பது 96,900. கட்டியது 5,100, குறைந்தது 3,100 மட்டுமே. நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சக் கட்டணமும் குறைவதால் கடனின் நடை தளர்ந்துகொண்டே போகும். புதிதாக ஒன்றும் வாங்காமலிருந்தாலும் கடன் பாதியாக 22 மாதம் செல்கிறது. அதற்குள் அவர் கட்டியிருக்கும் தொகை ஏறக்குறைய 82,000 ரூபா. அதிலே 32,000 வட்டிக்கே போகிறது. முழுத்தொகையைக் கட்டத் தவறினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி எண்ணுவது பொதுவான முறை. அட்டையைச் செருகிக் காசாக எடுத்தாலோ இனாம் நாளே கிடையாது. எடுத்த நாள் முதல் வட்டி, மேலே ஒரு கட்டணம் வேறு.

வட்டி வீதமும் நிலையாக நிற்பதன்று. 2020 ஆகஸ்டிலே இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 என்று உச்சவரம்பு வைத்தது. பொருளாதாரம் குலைந்த 2022இல் ஏப்ரல் மாதம் அவ்வரம்பு நீங்கியது. அவ்வாண்டிலேயே வட்டி 30க்கு மேலும் சென்றது. பழைய கடனுக்கும் புதிய வட்டிதான்.

வங்கிகள் இன்னொரு வசதியையும் விளம்பரம் செய்கின்றன. ஒரு வங்கியின் அட்டையிலுள்ள நிலுவையை மற்றொரு வங்கி கட்டித் தன் ஏட்டிலே ஏற்றிக்கொள்ளும். சில மாதங்களுக்கு வட்டி குறைவு. என் தமையனார் இதைச் சொன்னபோது நான் நூலகத்திலே படித்த துண்டை நினைத்துக்கொண்டேன். பழைய துரைக்குப் பணம், புதிய துரைக்கு ஆள்! நியாயமாகச் சொன்னால், குறைந்த வட்டிக்காலத்துக்குள் முழுவதையும் தீர்க்கக்கூடியவனுக்கு இம்மாற்றம் இலாபமே. தீர்க்காதவனுக்குத் தோட்டம் மாறியதுதான் மிச்சம். கடன் வாங்கினவனின் நடத்தையைக் குறித்துவைக்கும் ஏடும் இன்று உண்டு. 1990இன் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகம், யார் எவ்வளவு வாங்கினார், தவணை தவறினாரா என்பதை வைத்திருக்கிறது. புதுக் கடன் கொடுக்குமுன் வங்கிகள் அதைப் பார்க்கின்றன. கங்காணியின் ஏட்டுக்கும் இதற்கும் பெரும் பேதமுண்டு: தன் பேரிலுள்ள அறிக்கையை ஒருவர் தாமே கேட்டுப் பெற்றுப் பார்க்கலாம், பிழையிருந்தால் திருத்தக் கேட்கலாம். சிறையுமில்லை, வேலையை விடத் தடையுமில்லை. ஆதலால் கடனட்டையை அடிமைத்தளை என்று மேடையிலே முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பாயியின் பாட்டனாருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமையில்லை. என் தமையனாருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத்தான் படிக்கவில்லை.

அன்றிரவு கணக்கைப் போட்டு முடித்தபின் அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு அம்மாவின் சீட்டுப் பணத்தையும் தம் வருட முடிவுக் கொடுப்பனவையும் சேர்த்து முழு நிலுவையையும் கட்டினார். சீட்டு தங்கையின் படிப்புக்கென்று எடுத்து வைத்தது. அதை அவர் மாதா மாதம் திருப்பிக் கொடுத்து வருகிறார். அட்டையை வெட்டிப் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று தைப்பொங்கலுக்கு வந்து சொன்னபோது, அடுப்படியிலிருந்த அப்பாயி திரும்பிப் பார்த்தார்.

"வெட்டினது இருக்கட்டும் அய்யா, பற்றுச்சீட்டு வாங்கினியா?"

வாங்கியிருக்கவில்லை. கணக்கை மூடி, நிலுவை ஒன்றுமில்லை என்று வங்கி கொடுத்த கடிதம் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. அப்பாயி அதைத் தம் பிறப்புச் சான்றிதழோடு தகரப் பெட்டியிலே வைத்திருக்கிறார்.